ஏழாம் நம்பரை விட்ட வரி

எஸ்டேட் பேரைச் சொல்ல மாட்டேன். நம்பரும் உண்மையான நம்பர் இல்லை. ஜீவிதா என்பதும் அவள் பேரில்லை. இத்தனையும் மறைக்கிறவன் எதுக்கு எழுத உட்கார்ந்தே என்று கேட்பீர்கள். பந்தலூர் பஜாரில் அந்தப் புள்ளையைப் பற்றி வாய் கூசாமல் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. மீதிப் பேர் தெரிந்தும் வாயைத் திறக்க முடியாதவர்கள். அதனால்தான்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். யானை எங்கே நிற்கிறது என்று ஜனங்களுக்குச் சொல்கிற மையம் ஒன்று பஜாரில் இரும்புக்கடை மாடியில் இருக்கிறது. காட்டோரம் சுற்றுகிற வாட்சர்களை ஏற்றி இறக்குவது என் வேலை. வாட்சர் போன் பண்ணி, "ஓடைப்பக்கம் நிக்குது, குட்டியும் இருக்குது" என்பான். மாடியில் உட்கார்ந்திருக்கிற ஜீவிதா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். சாயங்காலம் கொழுந்து எடை போட்டு ஜனங்கள் லயத்துக்குத் திரும்புவதற்கு முன்னால் அவள் ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டுவாள். தேயிலைக் காட்டை நம்பர் போட்டுப் பிரித்திருப்பார்கள்; எந்த நம்பர் காட்டில் யானை இருக்கிறதோ அந்த நம்பர்க்காரர்கள் போனுக்கெல்லாம் செய்தி போகும். மையத்துக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் உண்டு, அதுவும் கையோடு மாறும்.

ஸ்கிரிப்ட் என்றால் என்ன என்று நானும் முழித்தவன்தான். படித்தது அஞ்சாவது. மழைக்கு மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டால் ஜீப் நகராது, மாடிக்குப் போய் அவளிடம் வாயைக் கிளறுவேன்.

"வேலண்ணே, உங்க ஜீப்பு மாதிரித்தான். ஜீப்பு ஒண்ணுதான். ஆனா எந்த ரோடு, யாரை ஏத்தணும், யாரை விட்டுட்டுப் போகணும்னு ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒருத்தர் சொல்றாங்கல்ல? அந்த மாதிரி ஸ்கிரிப்ட் பேரை அடிச்சுட்டு, பின்னால நாலு வார்த்தை சேர்த்து அடிப்பேன். அதுக்கு ஆர்குமெண்ட்னு சொல்லுவாங்க."

"சரி, ட்ரிப் முடிஞ்சா ட்ரிப் ஷீட்டு எழுதணுமே?"

"அதையும் ஸ்கிரிப்ட்டே எழுதிக்கும். அன்னைக்கு மாறினதைச் சேமிச்சு வைக்கறப்ப ஒரு வரி குறிப்பு போடும். கம்மிட் மெசேஜ்."

அந்த வரியைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு முன்னால் இருந்தவன் எழுதி வைத்தது, எல்லா நாளும் ஒரே மாதிரி, "ஆட்டோ அப்டேட்". மேலிருந்து கீழ்வரைக்கும் அதுதான். நான் ட்ரிப் ஷீட்டில் தினமும் "வண்டி போச்சு" என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எங்கே போச்சு, யாரை ஏத்திப் போச்சு, யாரை விட்டுப் போச்சு, ஒன்றும் கிடையாது. அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஜீவிதா ஏழாம் நம்பர் லயத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா தெய்வம்மா சின்னப் பிள்ளையாய்ச் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். அங்கே அவளுடைய அம்மா கொழுந்து எடுத்தாள், இங்கே இவள் எடுத்தாள். மகளைக் கூடலூர் காலேஜுக்கு பஸ்ஸில் அனுப்பிக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். மகளுக்கு மையத்தில் வேலை கிடைத்த வருஷமே தெய்வம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று எஸ்டேட்டில் பேர் வெட்டிவிட்டார்கள். பேர் வெட்டினால் லயத்து அறையைக் காலி பண்ண வேண்டும். ஆனால் காலி பண்ணச் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் கழுத்தில் கிடந்த கயிறு. என்றைக்கு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

ஏழாம் நம்பருக்குள்ளே பழைய தொரை பங்களா ஒன்று நிற்கிறது. எஸ்டேட் முதலாளி அதை விருந்தாளிகளுக்கு விடுகிறார். சனி, ஞாயிறானால் கீழே இருந்து கார்கள் ஏறி வரும். எங்கள் மையத்துக்கு மாடி வாடகையும் ஜீப்புக்கு டீசலும் கொடுக்கிறவர் அதே முதலாளிதான். மையத்தைப் பார்த்துக்கொள்கிறவர் சிவகுரு சார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். முதலாளி போன் அடித்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுகிற மனுஷன்.

ஒரு சனிக்கிழமை அவர் ஜீவிதா மேசைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க ஜீவிதா, இன்னைக்கு ஏழாம் நம்பரை விட்டுருங்க. பங்களா நிறைய ஆளுங்க. போன தடவை மெசேஜ் போயி, பயந்துட்டு அப்பவே மூட்டை கட்டிட்டாங்க. முதலாளி என்னைப் புடிச்சுக் காச்சிட்டாரு."

"பங்களா போனை மட்டும் எடுத்துடறேனுங்க சார்."

"சமையக்காரன், வாட்ச்மேன், ரூம் கூட்டறவ எல்லாம் அந்த லயத்து ஆளுங்கதானே? ஒருத்தி போன் அடிச்சாலும் பங்களா முழுக்கத் தெரிஞ்சு போயிருமுங்க. மொத்தமா விட்டுருங்க."

ஸ்கிரிப்ட்டில் அதுக்கும் வழி இருந்தது. பின்னால் "ஸ்கிப் 7" என்று சேர்த்து அடித்தால் ஏழுக்குச் செய்தி போகாது, இன்டர்நெட் பக்கத்திலும் வராது. அடித்தாள். அடித்துவிட்டு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். தெய்வம்மா பக்கத்து அறைகளில் சொன்னாள். லயத்தின் கடைசி அறைக்காரி தபித்தாள் அதற்குள் விறகுக்குப் போய்விட்டாள்.

யானை துரத்தவில்லை. திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். விறகைப் போட்டுவிட்டு ஓடினவள் தேயிலைக்கு நடுவே வெட்டின வடிகாலில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு என் ஜீப்பில்தான் கொண்டு போனேன். வழியெல்லாம் கர்த்தரே, கர்த்தரே என்றாள். நடுவில் ஒரு தடவை, "ஏன் மெசேஜ் வரல?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு அப்போது தெரியாது, அன்று ராத்திரிதான் ஜீவிதா சொன்னாள்.

மறுநாள் லயத்து ஜனம் மாடிப்படி முழுக்க நின்றது. தபித்தாள் புருஷன் ஆண்ட்ரூதான் முன்னால். யூனியன்காரன், பேச்சு வெட்டுகிற மாதிரி இருக்கும்.

"ஏழுக்கு ஏன் மெசேஜ் வரல சார்?"

"மிஷின் கோளாறுங்க ஆண்ட்ரூ. நெட்வொர்க்கு சரியில்லை" என்றார் சிவகுரு சார்.

"மிஷினுக்குத் தெய்வம்மா மேல மட்டும் பாசமோ? அந்தம்மாவுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

எல்லாத் தலையும் ஜீவிதா பக்கம் திரும்பியது. அவள் ஸ்கிரீனை ஆண்ட்ரூ பக்கம் திருப்பினாள். ஆட்டோ அப்டேட், ஆட்டோ அப்டேட், ஆட்டோ அப்டேட். அந்தச் சனிக்கிழமைக்கும் அதே வரிதான். விட்டார்களா விடவில்லையா என்று அதில் யாராலும் சொல்ல முடியாது. அவள் சிவகுரு சாரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவளும் வாயைத் திறக்கவில்லை.

ஜனம் இறங்கிப் போன பிறகு நான் சத்தம் போட்டேன். "ஏம் புள்ள, அந்தாளு சொல்லித்தான் பண்ணினேன்னு சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா அம்மா எங்கண்ணே படுக்கும்?"

நான் கூட்டி வைத்துக்கொள்ளலாம் என்றால், என் வீட்டில் இருப்பதே ஒரு ரூம்.

அந்த வாரம்தான் அவள் ஸ்கிரிப்ட்டை மாற்றினாள். அவள் என்ன அடிக்கிறாளோ, ஸ்கிரிப்ட் பேரும் பின்னால் சேர்க்கிற வார்த்தைகளும், எழுத்துக்கு எழுத்து அப்படியே கம்மிட் மெசேஜில் விழும்படி செய்தாள். ஆண்ட்ரூ வந்து பார்த்துவிட்டு, "இது உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே கிடந்தா எங்களுக்கு என்ன புண்ணியம்? இன்டர்நெட் பக்கத்துக்குக் கீழே போடு, எல்லாரும் பாக்கட்டும்" என்றான். சிவகுரு சார், ஜனத்துக்கு முன்னால் வேறு வழியில்லாமல், "போடுங்க ஜீவிதா, எல்லாம் வெளிப்படையா இருக்கட்டும்" என்றார். பொடி எழுத்தில் பக்கத்தின் அடியில் அந்த வரி வர ஆரம்பித்தது. அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்திருப்பார்.

கொஞ்ச நாள் அடங்கியிருந்தது. பலாப்பழம் பழுக்க ஆரம்பித்ததும் யானையும் வந்தது, விருந்தாளியும் வந்தார்கள். சிவகுரு சார் மறுபடியும் மேசைப் பக்கம் வந்தார்.

"சார், ஸ்கிப் அடிச்சா வரி விழுமுங்க. எல்லாரும் பாப்பாங்க."

"விழட்டுமே. அடிக்கறது உங்க கைதானே."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஜீவிதாவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதின வரி தன்னையே காட்டிக் கொடுக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என்ன அடித்தாள் என்று அதில் இருக்கும். யார் அடிக்கச் சொன்னார் என்று இருக்காது. சொன்னவர் பேருக்கும் ஒரு இடம் வைத்துப் பார்த்தாள். "அதெல்லாம் என்னத்துக்குங்க, எடுத்துருங்க" என்று அவர் அன்றைக்கே எடுக்க வைத்துவிட்டார்.

அடித்தாள். "ஸ்கிப் 7" என்று வரி விழுந்தது.

அன்றைக்கு வாட்சரை இறக்கிவிட்டு நான் ஏழாம் நம்பர் வழியாகத் திரும்பினேன். வெளிச்சம் இன்னும் போகவில்லை. லயத்து வாசலில் ஒரு ஈ, காக்கை இல்லை. தண்ணீர்க் குழாயடியில் யாரும் இல்லை. பிள்ளைகள் சத்தம் கதவுக்குப் பின்னால் கேட்டது. செய்தி போகாத லயத்தில் எல்லோரும் உள்ளே இருந்தார்கள்.

என் மரமண்டைக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. மாடிக்கு ஓடினேன். "புள்ள, அந்த வரியைப் பாத்துட்டுத்தான்…"

"தெரியும்ணே. யானை இல்லாத நம்பரை யாரும் விடச் சொல்ல மாட்டாங்கல்ல. ஸ்கிப் 7னு விழுந்தா ஏழுல நிக்குதுன்னு அர்த்தம்."

"அப்ப நான் போய் லயத்துல சொல்லிடறேன், நீ அவங்களுக்காகத்தான் அடிக்கறேன்னு."

"வாயைத் தொறக்காதீங்கண்ணே! பங்களாவுல வேலை பாக்கறவங்க அங்கதானே இருக்காங்க. ஒருத்தர் வாயில தப்பினாலும் சார் காதுக்குப் போயிரும். மறுநாளே அந்த வரியை எடுத்துருவாங்க."

அதனால் நான் வாயை மூடினேன். லயத்து வாய் மூடவில்லை. குழாயடியில் தெய்வம்மா குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகரும். மாரியம்மன் பொங்கலுக்கு அவளுக்கு அடுப்புக் கல் வைக்க இடம் விடவில்லை. "எங்க உசுரை வித்து மக சம்பளம் வாங்கறா" என்று காதுபடச் சொன்னார்கள். தபித்தாள் கோலை ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தாள். அவள் சத்தம்தான் பங்களா மேடு வரைக்கும் கேட்கும்.

ஜீவிதா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "நெசமாத்தான் திட்டுறாங்களா, பங்களாவுல கேக்கட்டும்னு திட்டுறாங்களான்னு தெரியலண்ணே. தபித்தாக்கா கண்ணைப் பாத்தா ரெண்டும் இருக்கு."

"போய்க் கேளேன்."

"கேட்டு, நெசமாத்தான்னு சொல்லிட்டா?"

இப்படியே ஒரு மழை போய் அடுத்த மழை வந்தது. சனிக்கிழமை வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. சாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே கையைத் துடைத்துக்கொள்வாள். வேறு வேலை தேடு என்று நானும்தான் நச்சரித்தேன். கடைசியில் கூடப் படித்த ஒருத்தி மூலமாகக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். தெய்வம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நீ முன்னால போயி ஒரு அறை பாரு. நான் இந்த லயத்துக் காம்பராவை அவனுகள் மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு வாறன். எவன்கிட்டயும் கைகட்டி நிக்க வேண்டாம்."

இவள் இடத்துக்குக் கீர்த்திவாசன் என்று ஒரு பையன் வந்தான். குன்னூர்க்காரன், நல்ல பையன், இரண்டு வருஷம் வேறெங்கோ வேலை பார்த்தவன். எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எந்த நம்பரை விடச் சொன்னாலும் ஸ்கிப் அடிச்சுத்தான் விடணும். வேற எப்படியும் விடக் கூடாது." ஏன் என்று சொல்லவில்லை. அவனும், "சரிக்கா" என்றான்.

அவள் கிளம்பினதும் ஒரு சனிக்கிழமைதான். திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். மத்தியானம் பையை ஜீப்பில் போட்டுக்கொண்டு கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினோம். வழியனுப்பத் தெய்வம்மாவும் ஏறிக்கொண்டாள். தேவாலாவில் சாயா குடிக்க நிறுத்தினேன். "தேத்தண்ணியா இது, கழனித்தண்ணி" என்று தெய்வம்மா சாயாக்கடைச் சேட்டனை வம்புக்கிழுத்தாள். அந்தப் பொம்பிளை சிரித்துப் பார்த்து வெகு நாளாயிற்று.

ஜீவிதா போன் அடித்தது. கையில் கிளாஸ் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, கீர்த்தி பேசறேன். ஏழுல ஓடைப்பக்கம் குட்டியோட நிக்குதாம். பங்களாவுக்கு ஆள் வந்திருக்காங்களாம். சார் ஏழை லிஸ்ட்டுல இருந்தே எடுத்துடச் சொல்றாரு. ஸ்கிப் அடிச்சா அந்த வரி நெட்டுப் பக்கத்துல பாக்கவே அசிங்கமா இருக்குதாம், யாரோ கேட்டாங்களாம். லிஸ்ட்டு ஃபைல்லயே எடுத்துட்டா வரியில ஒண்ணும் வராதுல்லக்கா? எந்த ஃபைலு அது?"

கிளாஸ் அப்படியே நின்றது.

"எடுத்துட்டியா?"

"இல்லக்கா. அதுக்குத்தானே கேக்கறேன். சார் இங்கதான் பக்கத்துல நிக்கறாரு."

பக்கத்தில் நிற்கிறார். ஸ்கிப் அடிடா என்று அவனிடம் சொல்ல முடியாது, ஏன் என்றும் சொல்ல முடியாது.

"நீ எதையும் தொடாதே கீர்த்தி. தெரியாம தொட்டா எல்லா நம்பரும் நின்னுரும். நான் வந்து எடுத்துத் தர்றேன்னு சார்கிட்ட சொல்லு."

போனை வைத்தாள். தெய்வம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"திரும்பாதே புள்ள. அந்த லயத்துச் சனம் உனக்கு என்ன செஞ்சுது? ஒரு குடம் தண்ணி புடிக்க விட்டாளுகளா?"

"நீ இங்க இரும்மா. பஸ் வர்றதுக்குள்ள வந்துருவேன்."

"பொய் கதைக்காதே. அங்க போனா உன்னை விட மாட்டானுகள்."

ஜீவிதா ஏறி உட்கார்ந்தாள். "வண்டியை எடுங்கண்ணே. கொழுந்து எடை முடிஞ்சு ஜனம் வர்ற நேரமாச்சு." தெய்வம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான்தான் கடத்திக்கொண்டு போகிற மாதிரி. பிறகு அவளும் ஏறினாள். நான் வண்டியைத் திருப்பி எடுத்தேன்.

மாடியில் சிவகுரு சார் வாசலிலேயே நின்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சேங்க. இந்தச் சின்ன வேலைக்கு எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

"லிஸ்ட்டுல கை வெச்சா அடுத்த வாரம் எல்லா நம்பரும் குழம்பிப் போயிருமுங்க சார். அஞ்சுக்குப் போறது எட்டுக்குப் போகும். பெரிய வம்பாயிரும். ஸ்கிப் அடிக்கறதுதான் பத்திரம்."

பச்சைப் பொய். கீர்த்தி வாயைத் திறக்கப் போனான். நான் அவன் தோளில் கையை வைத்தேன். என் கை கொஞ்சம் கனம்.

சிவகுரு சார் யோசித்தார். வம்பு என்ற வார்த்தைதான் அவரைத் தொட்டிருக்கும். "அப்ப இந்தத் தம்பிக்கு இது சரிப்பட்டு வராதுங்களா?"

ஜீவிதா கீர்த்தியைப் பார்த்தாள். கையில் பஸ்ஸுக்கு எடுத்து வைத்திருந்த சில்லறை இன்னும் இருந்தது.

"வராதுங்க சார்."

"அப்ப நீங்களே இருந்துருங்களேன். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். அம்மாவும் அந்த அறையிலேயே நிம்மதியா இருக்கட்டும்."

நல்லது செய்கிற குரலில்தான் சொன்னார். கீர்த்தி நாற்காலியை விட்டு எழுந்தான். அவள் உட்கார்ந்து அடித்தாள். அடித்து முடித்ததும் பக்கத்தைத் திறந்து, அடியில் அந்த வரி விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். விழுந்திருந்தது. கோயம்புத்தூருக்கு அங்கேயே போன் பண்ணி, வர முடியாதுங்க, வீட்டுல ஒரு சங்கடம் என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரிங்க, சரிங்க" என்று மட்டும் இவள் சொன்னது கேட்டது.

அவள் பையோடு தெய்வம்மாவை லயத்தில் இறக்கிவிடப் போனேன். மழை தூற ஆரம்பித்திருந்தது. கொழுந்துப் பெண்கள் அப்போதுதான் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி நடந்துகொண்டே போனைப் பார்த்து, பின்னால் வருகிறவளிடம் ஏதோ சொன்னாள். நடை வேகமானது. பங்களா சமையல்காரன் குழாயடியில் பாத்திரத்தோடு நின்றான்.

தபித்தாள் கடைசி அறை வாசலில் கோலை ஊன்றி நின்றாள். பையைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"என்ன, மகராசி போகலியா? கோயம்புத்தூர்க்காரனும் துப்பி அனுப்பிட்டானா? இந்த மூஞ்சியில இன்னும் எத்தனை வருஷம் முழிக்கணுமோ, கர்த்தரே!"

சமையல்காரன் சிரித்தான். தெய்வம்மா பூட்டைத் திறந்து பையை உள்ளே வைத்தாள். தபித்தாள் நிறுத்தவில்லை, மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். திட்டிக்கொண்டே, பக்கத்து அறை வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கோலால் தட்டி உள்ளே தள்ளினாள். கடைசிப் பெண்ணும் ஏறி வந்து நுழைந்த பிறகு, "நாசமாப் போக" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தன் கதவைச் சாத்தினாள்.

நான் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு ஓடைப் பாதையை விட்டுவிட்டு மேல் ரோடு வழியாகப் போனேன்.